எண்ணெய் மிதிக்குள் எண்ணெய் இல்லை

பிஎம்டபிள்யூ காடி ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வருவது என்று பாடாங் செராய்க்காரர்களிடம் யாராவது சொன்னால் சிரிப்பார்கள். மலேசியச் சாலைகளில் ஓடும் பிஎம்டபிள்யூக்களில் பல, இனோகோம் தொழிற்சாலையில் பூட்டப்பட்டவை. அதன் அஞ்சல் முகவரி பாடாங் மெகா முக்கிம், 09400 பாடாங் செராய், கெடா. பாகங்களாக வந்திறங்கி, 2008 முதல் இங்கே முழுக் காடியாகி வெளியே போகின்றன. உள்நாட்டில் பூட்டினால் வரி குறையும் என்பதுதான் காரணம். வேறு பெரிய இரகசியம் கிடையாது. ஐரோப்பாவுக்கு வெளியே போர்ஷ முதன்முதலாகக் காடி பூட்டத் தேர்ந்தெடுத்த வட்டாரமும் இதுதான். 2022-இல் அதன் கயென் ரகக் காடி வெளிவந்தது. ஒரு காலத்தில் கித்தாக் காடாக இருந்து பிறகு செம்பனையாக மாறிய பூமி. சுற்றுவட்டாரத்தில் இன்றும் குலை ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டிருக்கின்றன.

இங்கே பூட்டப்பட்ட பிஎம்டபிள்யூக்களில் ஒன்று 330ஐ. (இந்த ‘ஐ’ வேற்றுமை உருபு அல்ல, பெயரின் பகுதி.) இரண்டு லிட்டர், நான்கு சிலிண்டர், டர்போ. 258 குதிரைத்திறன், 400 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டரை 5.8 வினாடியில் தொடும் என்கிறது நிறுவனம். கணக்குப் போட்டால் சராசரி முடுக்கம் வினாடிக்கு வினாடி 4.8 மீட்டர் வருகிறது. புவியீர்ப்பில் ஏறக்குறையப் பாதி. மாடியிலிருந்து விழும் தேங்காய் வேகம் பிடிப்பதில் பாதி அளவுக்கு, ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட இரும்பும் ஆட்களும் படுக்கைவாட்டில் வேகம் பிடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கூலிமுக்கும் சுங்கைப் பட்டாணிக்கும் நடுவே யார் பூஜ்யத்திலிருந்து நூறுக்குப் போகிறார்கள்? இங்கே வேண்டியது வேறு. முன்னால் குலை லோரி, மணிக்கு 60-இல் ஊர்கிறது. எதிரே சாலை காலி, தூரத்தில் ஒரு காடி 90-இல் வருகிறது. முந்தலாம் என்று முடிவுசெய்து மிதிக்கிறீர்கள். காடி அரை வினாடி யோசிக்கிறது. அந்த அரை வினாடியில் நீங்கள் 8 மீட்டர் நகர்ந்துவிட்டீர்கள், எதிரே வருபவர் பன்னிரண்டரை மீட்டர் நெருங்கிவிட்டார். முந்துவதற்கு இருந்த இடைவெளியில் சுமார் 20 மீட்டர், ஒன்றுமே நடக்காமல் போய்விட்டது. குதிரைத்திறன் எவ்வளவு என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். இந்த அரை வினாடியை எந்த விளம்பரமும் போடுவதில்லை. காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவே அந்த நேரம் எங்கே போகிறது என்பதுதான் எனக்குச் சுவாரசியமான கேள்வி.

மலாயில் வேகம் கூட்டுவதற்கு ‘தெக்கான் மின்யாக்’ என்பார்கள். நம் வாயில் அது ‘எண்ணெயை அமுக்கு’ ஆகிவிட்டது. பெட்ரோல் காடியில் இது ஏறக்குறைய முழுத் தவறு. அந்த மிதி முதலில் திறப்பது எண்ணெயை அல்ல.

பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். கைப்பிடியைத் திருகினால் ஒரு கம்பி இழுபடுகிறது. கம்பியின் மறுமுனையில் கார்பரேட்டருக்குள் ஒரு கதவு திறக்கிறது. அது காற்றுக்கான கதவு. காற்று உள்ளே பாயும்போது பெட்ரோலை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போகிறது. எண்ணெய் காற்றின் பின்னால் வரும் விருந்தாளி. பெட்ரோல் காற்றைவிடக் கனமானது என்பதால் கதவைத் திடீரென்று திறந்தால் காற்று முந்திக்கொள்ளும், எண்ணெய் பிந்தும், எஞ்சின் ஒரு கணம் திக்கும். பழைய காடிகளின் கார்பரேட்டரில் அதற்காகவே ஒரு சின்ன பம்ப் இருந்தது. மிதியை அழுத்தினால் கொஞ்சம் பெட்ரோலைக் கூடுதலாகப் பீய்ச்சும். பட்டறையில் போமன் கார்பரேட்டரின் வாயைப் பார்த்துக்கொண்டே கையால் இழுத்து இழுத்துச் சோதிப்பாரே, அவர் பார்த்தது அந்தப் பீய்ச்சலைத்தான்.

330ஐ ரகத்தில் அந்தக் கம்பியும் இல்லை. மிதியின் அடியில் உணரிகள் இரண்டு. எவ்வளவு அழுத்தினீர்கள், எவ்வளவு வேகமாக அழுத்தினீர்கள் என்று கணினிக்குச் சொல்கின்றன. ஒன்று போதாதா என்றால், இரண்டும் சொல்வது ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் கணினி சந்தேகப்பட்டு எஞ்சினின் பலத்தைக் குறைத்துவிடும். மிதி உங்கள் பாதத்தை எதிர்த்துத் தள்ளுகிறதே, அது வெறும் ஸ்பிரிங். அப்படியானால் மிதிப்பது என்பது என்ன? ஒரு விண்ணப்பம். ‘இவ்வளவு முறுக்கு விசை வேண்டும்’ என்று கால் எழுதிக் கொடுக்கிறது. எஞ்சின் சூடு, கியர், சக்கரப் பிடிப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கணினி கையெழுத்துப் போடுகிறது.

கணினி முடிவெடுக்க எடுக்கும் நேரம் ஒன்றும் பெரிதில்லை. முடிவை நிறைவேற்றுவதில்தான் நேரம் போகிறது. எஞ்சினுக்குள் மிக வேகமான ஆயுதம் தீப்பொறி. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் நான்கு சிலிண்டர் எஞ்சின் வினாடிக்கு 50 முறை வெடிக்கிறது. பொறி விழும் கணத்தை மாற்றினால் அடுத்த வெடிப்பிலேயே, அதாவது 20 மில்லி வினாடியில், விளைவு தெரியும். காற்று மெதுவானது. கதவு திறந்து, குழாய் நிரம்பி, சிலிண்டருக்குள் போய்ச் சேர வேண்டும். பிஎம்டபிள்யூ 2001-இல் கொண்டுவந்த வால்வ்டிரானிக் இந்த இடத்தில்தான் உதவுகிறது. வழக்கமான ஓட்டத்தில் வாசல் கதவை ஏறக்குறையத் திறந்தே வைத்துவிட்டு, சிலிண்டரின் தலையிலுள்ள வால்வு எவ்வளவு உயர வேண்டும் என்பதை மாற்றிக் காற்றை அளக்கிறது. காற்று வாசலில் காத்திராமல் அடுப்பு வரைக்கும் வந்து நிற்கிறது.

எல்லாவற்றிலும் மெதுவானது டர்போ. வெளியே போகும் புகை ஒரு விசிறியைச் சுற்ற, அதே அச்சில் இருக்கும் இன்னொரு விசிறி புதுக் காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிறது. அது நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் பண்டம். வேகமாகப் போகப் புகை வேண்டும், புகை வர எஞ்சின் உழைக்க வேண்டும், எஞ்சின் உழைக்கக் காற்று வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால் கல்யாணம் ஆகும் கதைதான். இதை முழுதாகத் தீர்க்க முடியாது, குறைக்கலாம். இந்த எஞ்சினில் 1, 4 சிலிண்டர்களின் புகையை ஒரு வழியிலும், 2, 3-இன் புகையை மறு வழியிலும் விசிறிக்குக் கொண்டுபோகிறார்கள். ஒன்றின் மூச்சு மற்றதன் மூச்சை மறிக்காமல் தனித்தனி வீச்சாக விசிறியை அடிக்கிறது.

ஏட்டில் 1,550 சுற்றிலேயே 400 நியூட்டன் மீட்டர் கிடைக்கும் என்று போட்டிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் அதை அளப்பவர்கள் மிதியை முழுதாக அழுத்தி, காற்றழுத்தம் நிலைபெறும்வரை காத்திருந்து அளக்கிறார்கள். லோரிக்குப் பின்னால் காத்திருப்பவருக்கு அந்தப் பொறுமை இருக்காது.

கியர்பாக்ஸுக்கும் இதில் பங்கு உண்டு. எட்டுப் படி. ஊர்ந்து போகும்போது எண்ணெயை மிச்சம்பிடிக்க மேல் கியரில் கிடக்கும். மிதித்ததும் பல படி கீழே இறங்கித்தான் பலம் வரும். இறங்கும் ஒவ்வொரு முறையும் வினாடியில் ஒரு துண்டு கழியும். ‘ஸ்போர்ட்’ பொத்தானைத் தட்டினால் காடிக்கு வீரம் வருவதுபோல் இருப்பது இதனால்தான். 258 குதிரை 259 ஆவதில்லை. கீழ் கியரிலேயே காத்திருக்கிறது, கால்வாசி அழுத்தினாலும் பாதி அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

இனி ஒரு விசித்திரம். தாமதத்தில் ஒரு பங்கை வேண்டுமென்றே வைக்கிறார்கள். எஞ்சினிலிருந்து சக்கரம் வரை பற்சக்கரங்களுக்கு நடுவே மயிரிழை இடைவெளிகள் இருக்கின்றன. கேட்ட முறுக்கை அப்படியே கொடுத்தால் பல்லோடு பல் மோதி காடி ‘டக்’கென்று உதறும், பயணிகளின் தலை முன்னும் பின்னும் ஆடும். அதனால் கணினி முதலில் மெல்ல இழுத்து இடைவெளியை மூடிவிட்டு, பிறகு முழுதாக இழுக்கிறது. சொகுசுக் காடியையும் மலிவுக் காடியையும் பிரிப்பது இந்த முதல் மூச்சு என்பேன். நிறைய வேகம் கொடுப்பது எளிது. உதறாமல், உடனே கொடுப்பதில் இருக்கிறது கைத்திறன்.

மின்சாரம் இந்த விளையாட்டையே மாற்றிவிட்டது. அதே தொழிற்சாலையில் பூட்டப்பட்ட 330இ ரகத்தில் எஞ்சினின் பலம் 184 குதிரைதான். ஆனால் கியர்பாக்ஸ் கூட்டுக்குள் ஒரு மின் மோட்டார் ஒளிந்திருக்கிறது. மோட்டாருக்குக் காற்றும் வேண்டாம், புகையும் வேண்டாம். மின்னோட்டம் பாய்ந்தால் முறுக்கு வந்தாயிற்று. டர்போ விழித்தெழும்வரை உள்ள பள்ளத்தை மோட்டார் நிரப்புகிறது. ஸ்போர்ட் நிலையில் மட்டும் சுமார் பத்து வினாடிக்குக் கூடுதலாக 40 குதிரை தரும். ஆக, இந்த ஒரு காடியில் அந்தப் பொத்தான் உண்மையாகவே பலம் கூட்டுகிறது. நூறைத் தொட 5.9 வினாடி. ஏட்டில் 330ஐ ரகத்தைவிட அற்பம் மெதுவு. ஊர்ச்சாலையில் காலுக்கு விழிப்பாகத் தோன்றுவது இதுதான்.

கெடாவின் வெயிலும் இங்கே கணக்கில் வரும். 15 பாகை செல்சியஸிலிருந்து 33-க்கு ஏறினால் காற்றின் அடர்த்தி சுமார் 6 விழுக்காடு குறைகிறது. நம் ஈரக்காற்றில் நீராவி பிடிக்கும் இடம் வேறு. டர்போ இன்னும் கொஞ்சம் அழுத்தி இதை ஈடுகட்டப் பார்க்கும். அதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இத்தனைக்கும் பிறகு விண்ணப்பம் கடைசி மேசைக்கு வருகிறது. அங்கே உட்கார்ந்திருப்பது டயர். 330ஐ ரகத்தில் பின்சக்கரங்கள் மட்டுமே இழுக்கின்றன. காடியின் எடையில் ஏறக்குறையப் பாதி அவற்றின்மேல். தரையைத் தொடும் இடம் ஒவ்வொன்றிலும் ஓர் உள்ளங்கை அளவு. காய்ந்த தாரில் முதல் கியரின் முழு முறுக்குக்கே அந்த இரண்டு உள்ளங்கைகளும் தம் எல்லையை எட்டிவிடும். இந்த மண்ணில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது பிடிக்காமல் போகலாம்: இன்றைய காடி டயரில் தரையைத் தொடும் மேல்பட்டை பெரும்பாலும் செயற்கை ரப்பர். மரத்துப் பால் அதிகம் சேர்வது பக்கச்சுவரில். லோரி, விமான டயர்களில் இன்னும் அதிகம். ஆகவே முந்தப் பார்க்கும் காடியைவிட, முன்னால் போகும் குலை லோரியில்தான் தோட்டத்துப் பால் கூடுதல்.

மாலை மழை பிடித்து, லோரியிலிருந்து சிந்திய சேறும் செம்பனைப் பழமும் சாலையில் நசுங்கிக் கிடக்கும்போது முழுதாக மிதித்துப் பாருங்கள். மீட்டரில் வழுக்கும் காடியின் படம் ஒன்று மஞ்சளாகச் சிமிட்டும். சக்கரம் வழுக்கத் தொடங்கியதைக் கணினி பார்த்துவிட்டு, பொறியைப் பிந்தவைத்து, கேட்டதில் பாதியைக்கூடக் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கும். மிதி மட்டும் உங்கள் காலடியில் தரையோடு தரையாக அழுந்தியே இருக்கும்.