எழுத்துக் கூட்டத் தெரிந்தால் போதுமா?

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒண்ணை எடுத்துப் பாருங்க. எவ்வளவு தண்ணீரில் கலக்கணும், கலக்கியதை எத்தனை மணி நேரத்துக்குள் குடிச்சு முடிக்கணும்னு சில வரிகள் இருக்கும். 2023-இல் பிரதம் அமைப்பு நடத்திய 'அசர்' ஆய்வில், கிராமப்புற இந்தியாவின் 14 முதல் 18 வயதுப் பிள்ளைகளிடம் இதைக் காட்டி நான்கு கேள்விகள் கேட்டாங்க. ஓரளவு வாசிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட மட்டும்தான் கேட்டாங்க. அப்படியும் மூன்றுக்காவது சரியான பதில் சொன்னவர்கள் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான்.

அதே ஆய்வில், சுமார் 25 சதவீதம் பேரால் இரண்டாம் வகுப்புப் பத்தியைத் தங்கள் மாநில மொழியிலேயே சரளமாக வாசிக்க முடியவில்லை. இத்தனைக்கும் 86.8 சதவீதம் பேர் பள்ளியிலோ கல்லூரியிலோ பதிவானவர்கள்.

அப்புறம் எப்படி இது நடக்குது? 1986-இல் கஃப், டன்மர் என்ற ஆய்வாளர்கள் ஒரு எளிய கணக்குப் போட்டாங்க. எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்பு. கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யம்னா விடையும் பூஜ்யம்.

தமிழில் இரண்டாவது திறனுக்குக் கூடுதல் சுமை உண்டு. வீட்டில் 'குடிக்கணும்', அச்சில் 'அருந்தவும்'. எழுத்துத் தமிழ் காதில் விழாத பிள்ளைக்கு இது பாதி அந்நிய மொழி. முதல் திறன் மெதுவாக இருந்தாலும் சிக்கல்தான். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி வரியின் கடைசிக்கு வருவதற்குள் ஆரம்பம் மறந்துடும்.

எட்டாம் வகுப்புக்கு வந்தபின் அறிவியல், வரலாறு எல்லாமே வாசிச்சுத்தான் கத்துக்கணும். ஆசிரியருக்கோ பாடத்தை முடிக்கணும். வாசிக்க வராத பிள்ளை, கரும்பலகையில் இருப்பதை அழகாகப் பார்த்து எழுதி, விடையை மனப்பாடம் செய்து தப்பிச்சுடும். யார் கண்ணிலும் படாது.

பள்ளிக்கு வெளியேதான் இதன் விலை தெரியும். 2009 சுற்று பீசா தேர்வில் தமிழ்நாட்டின் 15 வயது மாணவர்களும் கலந்துகொண்டார்கள். அன்றாட வாழ்க்கைக்குத் தேவையான அடிப்படை வாசிப்பு நிலையை எட்டியவர்கள் 17 சதவீதம் என மதிப்பிடப்பட்டது. அந்தத் தலைமுறைக்கு இன்று முப்பதை ஒட்டிய வயது. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுறாங்க, குழந்தைக்கு மருந்து கொடுக்கிறாங்க, வங்கி பெயரில் வரும் போலிக் குறுஞ்செய்தியைத் திறக்கிறாங்க. புரியாத இடத்தில் இன்னொருவர் சொல்வதை நம்பணும். அவர் நல்லவரா இருந்தா சரி.

ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். அங்கே எழுதப் படிக்கத் தெரியுமான்னு கேட்பாங்க, வாசிக்கச் சொல்லிப் பார்க்க மாட்டாங்க. இடையில் இருக்கும் இந்தக் கூட்டம் அந்த எண்ணுக்குள் ஒளிஞ்சுக்குது.

வழி இருக்கு. வயசைப் பார்க்காமல், வாசிக்கும் நிலையைப் பார்த்துக் குழு பிரித்துக் கற்பிக்கும் முறை தொடக்கப்பள்ளிகளில் பலன் தந்திருக்கிறது. பதின்வயதினருக்குக் கூடுதல் கவனம் வேணும். 14 வயசுப் பையனிடம் 'அணில், ஆடு' புத்தகத்தை நீட்டினால் கூச்சத்தில் ஓடிடுவான். கிரிக்கெட் செய்தி, பஸ் அறிவிப்பு, மருந்துச் சீட்டு கொடுக்கலாம்.

உங்க வீட்டில் அந்த வயசில் யாராவது இருந்தா, ஒரு பாக்கெட்டைக் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்க. வாசிச்சதோட விட்டுடாதீங்க. "சரி, இப்ப என்ன செய்யச் சொல்லுது?"ன்னு கேளுங்க.