கொடுப்போரும் கேட்போரும்

ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த அறிஞர்கள். தமிழ்ப் பெயருக்கு முன்னே அமெரிக்கப் பெயர் வந்து அமர்ந்தது எங்ஙனம் என நம் மாணவர் வியந்திருக்கலாம்.

அமெரிக்க மிஷனரிமார் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். 1824இல் ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். அதுவே இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி. இவ்விடுதிகளில் பயின்ற ஒரு பிள்ளையின் ஆண்டுச் செலவை அமெரிக்காவிலுள்ள ஒரு குடும்பமோ சங்கமோ ஏற்றுக்கொள்ளும். ஏற்றோர் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடுவர்.

இவ்வரலாற்றில் இன்றைய பொதுப்பணியாளருக்கு ஒரு பாடமும் ஓர் எச்சரிக்கையும் உள.

முதலிற் பாடத்தைக் காண்போம். 'கல்விக்கு உதவுக' என்று பொதுவாகக் கேட்காமல், ஒரு பிள்ளைக்கு ஓராண்டுச் செலவு இவ்வளவு எனக் கேட்டமையாலேயே எளிய குடும்பங்களும் கொடுக்க முன்வந்தன. இன்று நம் சனசமூக நிலையங்களும் நூலகங்களும் கடல் கடந்து வாழும் உறவினரின் சிறு அறக்கட்டளைகளை நாடுகின்றன. பெற்றோர் நினைவாக நிறுவப்பெற்ற இவற்றிற் பலவற்றிற்குக் காரியாலயமோ எழுதுவினைஞரோ இல்லை. நமது விண்ணப்பத்தை மகனோ மகளோ வீட்டு மேசையிலிருந்து வாசிப்பர். ஆகவே ஒரு பக்கத்துக்கு மிகாமல், தேவை யாது, பயன்பெறுவோர் எத்தனை பேர், முழுச்செலவு எவ்வளவு, ஊரிற் சேர்ந்தது எவ்வளவு, குறைவது எவ்வளவு எனத் தெளிவாக எழுதுதல் வேண்டும். பிடியரிசி சேர்த்துப் பொதுப்பணி செய்த நாடு நமது. நாம் ஒன்றும் இடாது பிறரை இடச்சொல்லல் அழகன்று.

கேட்குமுன், அவர்கள் எதற்கு ஈபவர் என்பதையும் அறிதல் வேண்டும். இங்கிலாந்தில் பதிவுபெற்ற அறநிலையங்களின் விவரங்களை அரசப் பதிவேட்டில் எவரும் பார்க்கலாம். அமெரிக்கத் தனியார் அறக்கட்டளைகள், யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என ஆண்டுதோறும் அரசுக்கு அளிக்கும் அறிக்கையும் பொதுமக்கள் பார்வைக்கு உரியது. கண் சிகிச்சைக்கே ஈயும் குடும்பத்திடம் வாசிகசாலைக்குக் கேட்பது இருவர்க்கும் வீண். பணம் வந்தபின் பற்றுச்சீட்டுடன் கணக்கும் அனுப்புதல் கடன். வேலை தாமதித்தால் அதனையும் மறையாது எழுதுக. அடுத்த தேவை வரும்வரை மௌனமாயிருப்போரை எவரும் நம்பார்.

இனி எச்சரிக்கை. அன்று கல்வி பெற்ற பிள்ளை, தாய் தந்தையர் இட்ட பெயரோடு அந்நியப் பெயரையும் சுமந்தது. இன்று பெயரை எவரும் கேட்பதில்லை. ஆனால், உதவி பெறும் சிறுமியைக் கையிற் புத்தகப் பையுடன் நிறுத்திப் படமெடுத்து அனுப்பும்படி கேட்போர் உளர். மண்டபச் சுவரில் கொடுத்தவரின் தாயார் பெயரைப் பொறிப்போம், அது நன்றிக்கடன். பிள்ளையின் வறுமையைக் காட்சிப்பொருளாக்க மட்டும் இசையோம் என்பதை விண்ணப்பம் எழுதுமுன்னரே நமது சபையிற் கூடித் தீர்மானித்துக்கொள்வோம்.