சாரணப் பெண் ஏறும் ஆறு படிகள்

"பெண் பிள்ளைக்குக் கயிறு முடிச்சு எதற்கு? கூடாரம் எதற்கு? ஒழுங்காகப் பாடத்தைப் படித்தால் போதாதா?"

"சாரணியர் படையில் சேரப் போகிறேன்" என்று மகள் சொன்னவுடன் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

கேள்வியில் தவறு இல்லை. பெற்ற மகளைப் பற்றிய கவலைதான் அப்படிக் கேட்க வைக்கிறது. அந்தப் படையில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள், அங்கே கிடைக்கும் விருதுகளின் மதிப்பு என்ன என்று தெரிந்துகொண்டால் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

அழைக்காமல் வந்தவர்கள்

சாரணர் இயக்கம் முதலில் பையன்களுக்காகத்தான் ஏற்பட்டது. 1907-ம் ஆண்டு பேடன் பவல் என்ற ஆங்கிலேயத் தளபதி, பிரவுன்சீ என்ற தீவில் 20 சிறுவர்களை வைத்து முதல் முகாமை நடத்தினார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1909-ல், லண்டன் கிரிஸ்டல் பாலஸ் மாளிகையில் சாரணர்களின் பெரிய அணிவகுப்பு நடந்தது. ஆயிரக்கணக்கான பையன்கள் வந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் சில பெண்களும் நின்றார்கள்! அவர்களை யாரும் அழைக்கவில்லை. "நாங்களும் சாரணர்கள்தான்" என்று அவர்களாகவே வந்து நின்றார்கள்.

அந்தத் துணிச்சல் வீண் போகவில்லை. 1910-ல் பெண்களுக்கென்று தனி இயக்கம் தோன்றியது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதற்குப் பொறுப்பு ஏற்றார்.

அடுத்த ஆண்டே, அதாவது 1911-ல், நம் நாட்டில் ஜபல்பூரில் முதல் சாரணியர் படை அமைந்தது. நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, 1950-ம் ஆண்டு நவம்பர் 7-ந்தேதி பாரத சாரண சாரணியர் இயக்கம் உருவாயிற்று. 1951 ஆகஸ்டு 15-ல் பெண்கள் சங்கமும் அதில் இணைந்தது.

முதல் படி

சிறுமிகள் முதலில் "நீலப்பறவையர்" ஆகச் சேருகிறார்கள். பத்து வயது ஆனதும் சாரணியர் ஆகலாம். அதற்கு மேல் வயது வந்தவர்களுக்குத் திரிசாரணியர் பிரிவு உண்டு.

சாரணியர் ஏற வேண்டிய படிகள் ஆறு.

முதல் படியின் பெயர் பிரவேஷ். "நுழைவு" என்று பொருள். உறுதிமொழி, ஒன்பது சட்டங்கள், மூன்று விரல் வணக்கம், இடது கைக் குலுக்கல், சீருடை அணியும் முறை ஆகியவற்றை இதில் கற்க வேண்டும். நாள்தோறும் ஒரு நற்செயல் செய்ய வேண்டும். குடத்தைத் தூக்கிவிடுவதும் நற்செயல்தான். வழி தெரியாத பாட்டிக்குப் பஸ் ஏற்றிவிடுவதும் நற்செயல்தான். இவற்றை எல்லாம் தேறிய பிறகே கழுத்தில் ஸ்கார்ப் ஏறும்.

முடிச்சில் இருக்கிறது விஷயம்!

அடுத்தவை பிரதம சோபான், த்விதீய சோபான், த்ருதீய சோபான். சோபான் என்றால் படிக்கட்டு.

பிரதம சோபானில் முடிச்சுகள் வருகின்றன. "ரீப்" முடிச்சு தட்டையாக இருக்கும். காயத்துக்குக் கட்டுப் போட்டால் உடம்பில் உறுத்தாது. பருமன் வேறுபட்ட இரண்டு கயிறுகளை இணைக்க "ஷீட் பெண்ட்" என்ற முடிச்சு. "போலைன்" முடிச்சில் விழும் வளையம் இழுத்தாலும் இறுகாது. கிணற்றில் விழுந்தவரின் அக்குளுக்குக் கீழே அதை மாட்டித் தூக்கினால், கயிறு அவரை நெரிக்காது.

கயிறு முடிச்சு எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில்!

மேலே போகப் போக முதலுதவி, திசைகாட்டி பார்த்தல், விறகு மூட்டிச் சமைத்தல், கூடாரம் அடித்தல், வரைபடம் பார்த்து நடத்தல் என்று பாடங்கள் வளர்கின்றன.

ஏறாமலே மரத்தின் உயரத்தை அளக்கவும் கற்கிறார்கள். ஐந்து அடிக் கோல் ஒன்றை வெயிலில் நிறுத்துகிறார்கள். அதன் நிழல் பத்து அடி. அதே நேரத்தில் மரத்தின் நிழல் அறுபது அடி. அப்படியானால் மரத்தின் உயரம் முப்பது அடி! வகுப்பில் கசக்கிற கணக்கு, மரத்தடியில் இனிக்கிறது.

இவை தவிர, தனித்தனித் திறமைகளுக்குத் துணிச் சின்னங்கள் உண்டு. சமையல், தையல், முதலுதவி என்று ஒவ்வொன்றுக்கும் தேர்வு வைத்துச் சின்னம் கொடுக்கிறார்கள். தேறியவள் அதைச் சட்டைக் கையில் தைத்துக்கொள்ளலாம்.

கவர்னர், ஜனாதிபதி

ஐந்தாவது படி ராஜ்ய புரஸ்கார். மாநில அளவில் முகாம் போட்டுச் சோதிக்கிறார்கள். தேறியவர்களுக்குக் கவர்னர் பெயரால் விருது.

ஆறாவது, உச்சிப்படி! அதுதான் ராஷ்டிரபதி விருது. சான்றிதழில் ஜனாதிபதியின் கையெழுத்து இருக்கும். பதினெட்டு வயதுக்குள் இந்த விருதைப் பெற்றுவிட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மாதக்கணக்கில் உழைப்புத் தேவை. எனவே சிறு வயதிலேயே சேர்ந்தவர்களுக்குத்தான் அவசரம் இல்லாமல் ஏற முடியும்.

ரெயில்வேயில் சாரணர், சாரணியருக்கென்று வேலை ஒதுக்கீடு உண்டு. ராஷ்டிரபதி விருது அதற்கு ஒரு தகுதி. ஏழை வீட்டுப் பெண்ணுக்கு இது சாமானிய விஷயமா?

எங்கே நின்றுவிடுகிறார்கள்?

ஆனால் சேருகிற எல்லோரும் உச்சிக்குப் போவதில்லை. இடையில் இரண்டு தடைகள் குறுக்கிடுகின்றன.

ஒன்று, முகாம். மேல்படிகளுக்கு வெளியூரில் சில இரவுகள் தங்க வேண்டும். "வயதுக்கு வந்த பெண்ணை எப்படி அனுப்புவது?" என்று வீட்டில் தயங்குகிறார்கள். மற்றொன்று, பத்தாம் வகுப்புத் தேர்வு. "முதலில் மார்க், மற்றதெல்லாம் பிறகு" என்று நிறுத்திவிடுகிறார்கள். பிறகு திரும்பி வருவதற்குள் வயது தாண்டிவிடுகிறது.

முகாமுக்கு அனுப்பும் முன் பெற்றோர் விசாரிக்கட்டும். உடன் செல்லும் ஆசிரியை யார், பெண்கள் தங்கும் இடம் எது, இரவில் காவல் உண்டா, கழிப்பறை வசதி எப்படி, வீட்டோடு பேச வழி என்ன என்று கேட்பது அவர்களுடைய உரிமை. நல்ல ஆசிரியை இதற்குக் கோபிக்க மாட்டார். திருப்தியான பதில் கிடைத்தால் தயங்காமல் அனுப்பலாம்.

படிப்பைப் பொறுத்தவரை, எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பிலேயே நடுப்படிகளை முடித்துவிட்டால் தேர்வுச் சமயத்தில் நெருக்கடி இராது.

சான்றிதழ் மட்டும் போதுமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலைக்கு உதவும் என்பதற்காகச் சான்றிதழை மட்டும் குறி வைப்பவர்களும் உண்டு. கட்டுப் போடத் தெரியாதவளுக்கு முதலுதவிச் சின்னம் கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? நாளை அவள் எதிரில் அடிபட்டுக் கிடப்பவருக்கு அல்லவா?

சாரணியரின் தாரக மந்திரம் "தயாராயிரு" என்பது. வீட்டில் அடுப்புத் தீ பற்றினாலும், தெருவில் வெள்ளம் புகுந்தாலும், குழந்தைக்கு வலிப்பு வந்தாலும், கை பிசைந்து நிற்காமல் ஆக வேண்டியதைச் செய்கிற பெண்தான் உண்மையில் விருது பெற்றவள்.

உங்கள் மகள் படிக்கும் பள்ளியில் சாரணியர் படை இருக்கிறதா? கேட்டு வரச் சொல்லுங்கள்!