பறவை எச்சமும் வண்டியின் மெருகும்

கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடந்து மாத்தளை நோக்கிச் செல்லும் ஏ9 வீதியில் ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர் சென்றால் வரும் அக்குறணையில், வெள்ளிக்கிழமை நண்பகலில் ஜும்ஆத் தொழுகைக்கு வருவோர் தம் வாகனங்களை நிறுத்த இடம் தேடுவதைக் கவனித்திருப்பவர்கள், அவர்களுள் ஒவ்வொருவரும் முதலில் நாடுவது மரநிழலையே என்பதையும் கண்டிருப்பார்கள். பிங்கா ஓயாவை ஒட்டி ஒடுங்கிக் கிடக்கும் அந்தக் கடைவீதியில் நிழல் எளிதில் கிடைக்கும் பொருளன்று. கிடைத்த நிழலிலோ காகமும் மைனாவும் கொண்டைக்குருவியும் நமக்கு முன்னரே குடியேறியிருக்கின்றன. திரும்பி வரும்போது பொனட்டின் மேல் ஒரு வெள்ளைத் திட்டு காணப்படுவதும், வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிடுவதும், இரண்டொரு நாள் கழித்துக் கழுவியபின் அதே இடத்தில் அதே உருவில் மங்கிய தழும்பொன்று நிலைத்திருப்பதைக் கண்டு திகைப்பதும் வாகனம் வைத்திருப்போர் பெரும்பாலோருக்கு வாய்க்கும் அனுபவமே. ‘அசிட் தின்றுவிட்டது’ என்று அதற்கு உடனே காரணம் சொல்லப்படும். அந்தக் காரணம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அது பாதி விஷயமே. மறுபாதியை அறியாமல் செய்யும் பரிகாரம் பல வேளைகளில் பறவை செய்த சேதத்தினும் பெரிய சேதமாக முடிகிறது.

இன்றைய மோட்டார் வண்டியின் வர்ணம் ஒரே படலமன்று. தகட்டைத் துருவினின்று காக்கும்பொருட்டு மின்னோட்டத்தின் உதவியால் படியவைக்கப்படும் அடிப்படலம், அதன்மேல் மேடுபள்ளங்களை நிரவும் பிரைமர், அதன்மேல் நிறத்தைத் தரும் மெல்லிய பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக நிறமற்றுத் தெளிந்த ‘கிளியர் கோட்’ என்னும் காப்புப் படலம் என நான்கு அடுக்குகள் அங்கே உள்ளன. நான்கும் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரோமீற்றர் கனம் இருக்கலாம்; அதாவது ஒரு சாதாரண எழுதுதாளின் கனம், அல்லது அதற்குச் சற்று மேல். அதில் கிளியர் கோட்டின் பங்கு 40 மைக்ரோமீற்றர் அளவே. வண்டியின் பிரகாசம் முழுவதும் இந்தப் படலத்தின் மேற்பரப்பு சமமாக இருப்பதையே பொறுத்தது. சூரியனின் புற ஊதாக் கிரணங்களை விழுங்கி, கீழேயுள்ள நிறம் வெளிறாமல் காக்கும் இரசாயனப் பொருள்களும் இதனுள்தான் கலந்திருக்கின்றன. கண்டிப் பிரதேசத்து மலைவீதிகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய மொரிஸ் மைனர் வண்டிகள் ஆலையை விட்டு வெளிவந்த காலத்தில் இப்படியொரு தெளிபடலம் கிடையாது. நிறப் பூச்சே மேற்பூச்சாக இருந்தது. அவற்றை மெருகிடும்போது துணியில் நிறம் ஏறியதன் காரணம் அதுவே.

இனி, மேலிருந்து விழும் பொருளைப் பார்ப்போம். பறவைகளுக்கு மலத்துக்கென ஒரு வழியும் சிறுநீருக்கென வேறொரு வழியும் இல்லை. இரண்டும் ஒரே துவாரத்தால் ஒன்றாக வெளிப்படுகின்றன. எச்சத்தின் நடுவிலுள்ள கரும்பகுதி மலம். சுற்றியுள்ள வெண்பகுதி சிறுநீரகத்தின் கழிவு. நம் போன்ற பாலூட்டிகள் உடலின் நைதரசன் கழிவை யூரியாவாக்கி நீரில் கரைத்துக் கழிக்க, பறவைகளோ அதனை யூரிக் அமிலமாக்கிக் கெட்டிக் குழம்பாக வெளியேற்றுகின்றன. முட்டையோட்டுக்குள் வெளியேறும் வழியின்றி வளரும் கரு, தன் கழிவு நீரில் கரைந்து தன்னையே நஞ்சாக்காதிருக்க வேண்டும் என்பது இதற்கு ஒரு காரணம். நீரை வீணாக்காமை மற்றொன்று. ஸ்வீடன் நாட்டு இரசாயன விஞ்ஞானி ஷீலே 1776ஆம் ஆண்டில் மனிதரின் சிறுநீர்ப்பைக் கற்களிலிருந்து பிரித்தெடுத்ததும், நடுத்தர வயதினரின் கால் பெருவிரல் மூட்டில் படிந்து இராத்தூக்கத்தைக் கெடுப்பதும் இதே யூரிக் அமிலந்தான்.

ஆனால் இந்த அமிலம் நீரில் கரைவதற்கு மிகவும் பின்வாங்குவது. சாதாரண உஷ்ணத்தில் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 60 மில்லிகிராம்தான் கரையும். கரையவே தயங்கும் பலவீனமான ஓர் அமிலம், பெற்றோலையும் மழையையும் தாங்கும் ஒரு படலத்தை எப்படி அரிக்கும் என்று கேட்பவர் அரிது. போதாக்குறைக்கு, 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் பலவகைப் பறவைகளின் வெண்கழிவை எக்ஸ்-கதிரால் பரிசோதித்தபோது, அதில் திட யூரிக் அமிலமே தென்படவில்லை என்றும், அமோனியம் யூரேட்டு, ஸ்துருவைற்று முதலிய வேறு சேர்மங்களே இருந்தன என்றும் பிரசுரித்தார்கள். பாடப்புத்தகத்தில் நெடுங்காலம் நின்ற ஒரு வாக்கியமே ஆட்டங்கண்டிருக்கும்போது, பணிமனை வாசலில் சொல்லப்படும் ‘அசிட்’ காரணத்தைச் சந்தேகிப்பதில் தவறில்லை.

அப்படியானால் குற்றவாளி யார்? தெஹ்ரான் நகரத்து அமீர்கபீர் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரமெசான்சாதே, மொஹ்செனி முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இந்தக் கேள்வியையே எடுத்துக்கொண்டது. அவர்கள் இயற்கையான எச்சத்தோடு, அதற்கு ஈடாகப் பிராணிகளின் கணையத்திலிருந்து எடுக்கப்படும் ‘பாங்கிரியாட்டின்’ என்னும் நொதிக் கலவையையும் கிளியர் கோட்டின் மேல் இட்டுப் பார்த்தார்கள். இரண்டும் ஒத்த விதமான சேதத்தையே விளைவித்தன. மாச்சத்தையும் புரதத்தையும் கொழுப்பையும் வயிற்றினுள் அறுக்கும் சமிபாட்டு நொதிகள், வெளியே வந்த பின்னும் தம் தொழிலை மறப்பதில்லை. ஈரம் உள்ளவரை படலத்தின் மூலக்கூறுப் பிணைப்புகளை அறுத்து, அவற்றை நீரில் கரையும் துண்டுகளாக்குகின்றன. துண்டுகள் கழுவுண்டு போன இடம் நுண்ணிய பள்ளமாகிறது.

இதற்கு மாறான அபிப்பிராயமும் உண்டு. வாகன மெருகுப் பொருள்களைச் செய்யும் ஆட்டோகிளிம் என்னும் பிரித்தானிய நிறுவனம், எச்சத்தின் அமிலமோ காரமோ முக்கியமன்று, சூரிய வெப்பமே முக்கியம் என்று கூறியது. வெயிலில் கிளியர் கோட் இளகி விரிகிறது. மேலே கிடக்கும் எச்சம் உலர்ந்து இறுகுகிறது. மாலையில் படலம் குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிய அந்தப் பொருளின் கரடுமுரடான அடிப்பரப்பைத் தழுவியபடியே அது உறைகிறது. தானியம் தின்னும் பறவையின் எச்சம் பருக்கையாக இருப்பதால் அதன் தழும்பு மிகுதியாக மங்குகிறதாம். மெருகு விற்பவரின் விஞ்ஞானத்தைச் சற்று எச்சரிக்கையோடு ஏற்பது நல்லதெனினும், இந்தக் கூற்றில் யுக்தி இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ள கண்டிப் பிரதேசத்தில், நடுப்பகல் வெயிலில் கருநிற பொனட்டின் உஷ்ணம் 60 பாகை செல்சியஸைத் தாண்டுவதும், பிற்பகலில் திடீர் மழையொன்று அதனைக் குளிர்வித்துவிடுவதும் சாதாரணம். இந்த ஏற்றமும் இறக்கமும் ஒரே நாளில் நிகழ்கின்றன.

என் அபிப்பிராயத்தில் இரு தரப்பாரும் பேசுவது ஒரே தழும்பைப் பற்றியன்று. வெப்பத்தால் விளைந்த தழும்பு வேறு, நொதியால் விளைந்த தழும்பு வேறு. ஒன்றில் படலம் உருமாறியிருக்கிறது, மற்றதில் படலம் குறைந்திருக்கிறது. எந்தத் தழும்பு எது என்று தெரிந்துகொள்வதுதான் பரிகாரத்தின் ஆரம்பம். நிறுத்துமிடத்தைப் பற்றிய ஒரு வார்த்தையையும் இங்கேயே சொல்லிவிடலாம்: வெயிலில் நிற்பதும் தீமையன்று, நிழலில் நிற்பதும் தீமையன்று; காலையில் மரத்தடியில் நின்று எச்சத்தை வாங்கிக்கொண்டு, நிழல் நகர்ந்த பின் உச்சி வெயிலில் அதனோடு வேகுவதே பெருந்தீமை.

கண்டி நகருக்குள் வண்டி ஓட்டுவோருக்கு இன்னொரு வகைத் தொல்லையும் உண்டு. ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807ஆம் ஆண்டளவில் நிர்மாணித்த கண்டி வாவியைச் சூழ்ந்த மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் மாலைதோறும் வந்தடைகின்றன; மீன் தின்னும் அவற்றின் எச்சம் அளவிலும் வெண்மையிலும் காகத்தினுடையதை விஞ்சுவது. பேராதனைப் பூங்காவின் பழந்தின்னி வௌவால்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். பறவையினம் அல்லவெனினும் வண்டியின் கூரைக்கு அந்தப் பேதம் தெரிவதில்லை. நாவற்பழக் காலத்தில் விழும் எச்சம் வெள்ளை வண்டியில் ஊதாக் கறையையும் விட்டுச்செல்லும். ஆனால் கறை வேறு, தழும்பு வேறு. கறை மேலே நிற்பது; ஈர விரலால் தடவினால் வழவழப்பாக இருந்து, கழுவக் கழுவ மெல்ல வெளிறுவது.

பரிகாரத்தின் முதற்படி நீரன்றி வேறில்லை. ‘தேச்சாப் போகும் நானா’ என்று அருகில் நிற்பவர் பழந்துணியை நீட்டும்போது, அன்போடு அதை மறுத்துவிடுவதே புத்தி. பழவிதைகளின் துணுக்குகளும், புறாக்கள் இரையை அரைப்பதற்காக விழுங்கும் நுண்மணலும் உலர்ந்த எச்சத்தில் கலந்திருக்கின்றன. உலர்ந்த துணியால் தேய்ப்பவர் அவற்றைக் கொண்டே தம் வண்டியைக் கீறுகிறார். அன்றியும் உலர்ந்த புறா எச்சத்தின் தூளைச் சுவாசிப்பது நுரையீரலுக்கு நல்லதன்று. வண்டி கழுவும் ஷாம்பு சில துளிகள் கலந்த நீரில் ஒரு துணியை நன்றாக நனைத்து, எச்சத்தின் மேல் ஐந்து பத்து நிமிஷம் போர்த்தி வைத்தால் அது ஊறி இளகும். பின்பு தேய்க்காமல் ஒற்றி எடுத்து, தாராளமாக நீர் ஊற்றவேண்டும். அன்றே செய்யப்பட்டால் பெரும்பாலும் காரியம் இத்தோடு முடிந்தது.

நாள் கடந்து தழும்பு விழுந்துவிட்டதானால், உடனே ‘கட் அண்ட் பாலிஷ்’ செய்ய ஓடவேண்டியதில்லை. முதலில் வெப்பத்தைப் பிரயோகித்துப் பார்க்கலாம். சுத்தமாகக் கழுவிய பொனட்டை வெயிலில் வைத்தோ, தலைமயிர் உலர்த்தும் கருவியால் கைபொறுக்கும் அளவுக்குச் சூடாக்கியோ மெல்லக் குளிரவிட்டால், வெறுமனே உருமாறியிருந்த படலம் இளகித் தன் பழைய சமநிலைக்குத் திரும்புவதும், தழும்பு பாதியோ முழுவதுமோ மறைவதும் உண்டு. மறையாவிட்டால், படலம் குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். குறைந்ததை நிரப்பும் மெருகு உலகில் இல்லை. மெருகிடுதல் என்பது பள்ளத்தின் அடிவரை சுற்றுப்புறத்தையும் சுரண்டிச் சமமாக்குவதேயன்றி வேறன்று. மென்மையான பாலிஷ் சுரண்டுவது ஒரு மைக்ரோமீற்றர் அளவு. கட்டிங் கம்பவுண்ட் அதனிலும் அதிகம். 2000, 3000 என்று எண்ணிட்ட வாட்டர் பேப்பர் அதனிலும் அதிகம். ஆகையால் மென்மையானதில் தொடங்கி, போதும் என்ற இடத்தில் நிறுத்தவேண்டும். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெலிந்திருப்பதால், சுழலும் இயந்திரம் அங்கே ஒரு கணம் நின்றாலும் பிரைமர் தெரிந்துவிடும். தகட்டின் மேல் எத்தனை மைக்ரோமீற்றர் மீதியுள்ளது என்று காட்டும் சிறு கருவிகள் உள்ளன. கம்பவுண்டைக் கையில் எடுப்பதற்குமுன் அவற்றுள் ஒன்றால் அளந்து காட்டும் பணிமனை பாஸிடம் வண்டியைத் துணிந்து ஒப்படைக்கலாம்.

நாடெங்கும் கடை திறந்தவர்களின் ஊராகிய அக்குறணையில், இலாபத்தில் செலவழிப்பதற்கும் முதலில் கைவைப்பதற்கும் உள்ள பேதத்தை விளக்கவேண்டியதில்லை. ஒவ்வொரு மெருகும் கிளியர் கோட்டின் முதலில் கைவைப்பதே. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளையே மினுக்கி மினுக்கிக் கைமாற்றிய ஒரு நாட்டில், நாலாம் ஐந்தாம் சொந்தக்காரரின் கைக்கு வந்திருக்கும் வண்டியில் எத்தனை மெருகு ஏற்கெனவே நடந்திருக்கிறது என்பதை எவர் அறிவார்? குனிந்து, வெளிச்சத்தைச் சரித்துப் பார்த்தால் மட்டும் தெரியும் தழும்பை அப்படியே விட்டுவிடுவது, பல வண்டிகளுக்குச் செய்யத்தக்க சிறந்த வைத்தியம்.

மேலே பூசும் மெழுகும், இப்போது பெருவிலைக்கு விற்கப்படும் செரமிக் பூச்சும் எச்சத்துக்கும் கிளியர் கோட்டுக்கும் இடையே நின்று சில மணிநேர அவகாசத்தைத் தரும். அவகாசத்துக்கு மேல் எதையும் அவை தருவதாக நம்பிவிடக்கூடாது.

படலத்தில் நுண்வெடிப்புகள் ஓடியிருந்தாலோ, விரல் நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தாலோ, மெருகுக்கு அங்கே வேலையில்லை. அந்தப் பகுதியைத் தேய்த்து மீண்டும் பூசவேண்டியதுதான். இதற்குப் பயன்படும் இருகலவைப் பூச்சுகளின் ‘ஹார்ட்னரில்’ ஐசோசயனேட்டு என்னும் பொருள் இருக்கிறது. இறுகி முடிந்த பின் தீங்கற்றதாகிய அது, விசிறப்படும் வேளையில் மூச்சோடு உட்புகுந்தால் தீராத ஆஸ்துமாவை உண்டாக்க வல்லது. தொழில்வழி வரும் ஆஸ்துமாவுக்கு உலகெங்கும் முன்னணிக் காரணங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. வீதியோரக் கொட்டகையில் கைக்குட்டையை முகத்தில் கட்டிக்கொண்டு பூசும் இளைஞனுக்கு அந்தத் துணி எவ்விதக் காப்பும் அளிப்பதில்லை. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி ஊட்டும் முகக்கவசமே அதற்கு உரியது. வேலையைக் கொடுப்பவர் நிறப்பொருத்தத்தைப் பார்ப்பதோடு இதையும் பார்த்துக் கேட்கலாம். பூசிய படலம் தொடுவதற்குக் காய்ந்துவிட்டாலும் உள்ளூர இறுகி முடியச் சில வாரங்கள் செல்லும். கரைப்பான் வெளியேறவேண்டியிருப்பதால் ஏறக்குறைய ஒரு மாதம்வரை மெழுகும் பூசலாகாது. எச்சம் மிக எளிதில் தழும்பிடுவதும் அந்த வாரங்களில்தான். ஆதலால் புதிதாகப் பூசிய வண்டியை அதுவரை கூரையின் கீழ் நிறுத்துவதும், வெளியே சென்ற நாட்களில் இரவுக்குமுன் ஒருமுறை அதனைச் சுற்றிப் பார்ப்பதும் அவசியம்.