நற்செயலுக்குத் துணை தேடுவோம்



விருத்தாசலத்தில் ஒரேயொரு பீங்கான் பொம்மைக்காக யாரும் சூளை மூட்டுவதில்லை. பலவற்றை அடுக்கி ஒன்றாகவே சுடுகிறார்கள். நற்செயலும் அப்படித்தான். அதில் ஒருவருக்கொருவர் ஊக்கமூட்டவே எபிரேயர் திருமுகம் (10:24) நம்மை அழைக்கிறது.

ஏழைகளுக்குத் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்ற கேள்வி 1833-இல் பாரிசில் எழுந்தது. 20 வயது மாணவர் பிரடெரிக் ஓசானாம் வாதத்தோடு நிற்காமல், நண்பர்களுடன் ஏழைகளின் இல்லங்களுக்குச் சென்றார். வழிகாட்டியவர் அருட்சகோதரி ரோசலி ரெந்து. அப்படிப் பிறந்த புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் இன்றும் இருவர் இருவராக வீடுகளைச் சந்திக்கின்றனர். ஒருவர் சோர்ந்தால் மற்றவர் தாங்குவார்.

பங்கில் நாம் பிறரிடம் நன்கொடை கேட்கிறோம். உடன் வரும்படி கேட்பது குறைவு. இந்த ஞாயிறு திருப்பலிக்குப் பின் நோயுற்றோரைச் சந்திக்கச் செல்கையில், இதுவரை வராத ஓர் இளைஞரையும் அழைத்துச் செல்வோம். அடுத்த முறை அவரே இன்னொருவரை அழைத்து வரக்கூடும்.