மூலம்தான் என்று முடிவு கட்டாதீர்கள்!



வெளிக்குப் போகும்போது ரத்தம் கண்டால் நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? "சூடு, மூலம், மோர் குடிச்சா சரியாப் போயிடும்." மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். பக்கத்து வீட்டுக்காரர் அல்ல.

மலேசிய ஆண்களிடம் அதிகம் காணும் புற்றுநோய் பெருங்குடல் புற்றுநோயே. பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தது இதுதான். குடலின் உட்சுவரில் சிறு மருவாகத் தொடங்கும். புற்றாக மாறப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். வலி இராது. மருவாக இருக்கும்போதே கண்டால் குழாய் விட்டு எடுத்துவிடலாம். நம் நாட்டில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள்.

50 வயது ஆனவர்கள், ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும், அரசாங்க கிளினிக்கில் மலப் பரிசோதனை கேளுங்கள். சிறு குப்பியில் கொஞ்சம் கொடுத்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத ரத்தமும் தெரிந்துவிடும். இதிலென்ன வெட்கம்? ரத்தம் இருந்தால் ஈப்போ பெரியாஸ்பத்திரி போன்ற இடத்துக்குக் குழாய்ச் சோதனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். பயந்து வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். கண்ணாலேயே ரத்தம் கண்டவர்கள் வயது பார்க்க வேண்டாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்திருந்தால் 50 வரை காத்திராமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பால்மரம் வெட்டிய காலத்தில் விடியுமுன்பே நிரை நிரையாக நடந்தோம். தோட்டம் விட்டு சுங்கை சிப்புட்டுக்கும் புந்தோங்குக்கும் வந்தவர்களில் பலருக்கு இப்போது உட்கார்ந்தே பொழுது போகிறது. தினம் அரைமணி நடங்கள். முருங்கைக்கீரை, பயறு கூடட்டும். சோசேஜ், டின் இறைச்சி குறையட்டும். சிகரெட்டும் சம்சுவும் இந்நோயையும் வளர்க்கும். எத்தனை முறைதான் எழுதுவது!