பீதி நோய்க்கும் வெளியிட அச்சத்துக்கும் உடல் தாங்கும் மருந்து

பீதி நோய் என்பது, வெளிப்படையான ஆபத்து எதுவும் இல்லாத நேரத்தில் கடும் அச்சம் திடீரென எழுந்து சில நிமிடங்களில் உச்சத்தை அடைவதும், அது மறுபடி வருமோ என்ற கவலையிலேயே மற்ற நாட்கள் கழிவதுமான மனநலக் கோளாறு ஆகும். நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், வியர்வை, நடுக்கம், விரல்கள் மரத்துப்போதல், தலைசுற்றல், 'இப்போது செத்துவிடுவேன்' என்ற எண்ணம் ஆகியவை இதன் அறிகுறிகள். இப்படி வந்தால் தப்பிக்கவோ உதவி பெறவோ முடியாது என்று தோன்றும் இடங்களை ஒருவர் தவிர்க்கத் தொடங்கினால் அது வெளியிட அச்சம், அதாவது அகோராபோபியா எனப்படுகிறது. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே காணப்படும். ஆனாலும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் வகைப்பாடு 2013 முதல் இவற்றைத் தனித்தனி நோய்களாகக் கொள்கிறது.

இவ்விரண்டுக்கும் பயன் தரும் மருந்துகள் உள்ளன. ஆனால் மருந்தைத் தொடங்கியவர்களில் பலர், பயன் தெரிவதற்கு முன்பே அதை நிறுத்திவிடுகிறார்கள். ஜவ்வாது மலை போன்ற இடத்தில் அப்படி நிறுத்தியவர் இரண்டாம் முறை மலையிறங்கி மருத்துவரைப் பார்ப்பது அரிது. எனவே எந்த மருந்து வலுவானது என்பதைவிட, எதை இவருடைய உடல் சில மாதங்கள் தாங்கிக்கொள்ளும் என்பதே முதல் கேள்வியாகிறது.

மலையில் இந்நோய்

'அகோரா' என்ற கிரேக்கச் சொல்லுக்குச் சந்தை, மக்கள் கூடும் திடல் என்று பொருள். பெர்லினைச் சேர்ந்த மருத்துவர் கார்ல் வெஸ்ட்பால் 1871இல், நகரத் திடல்களைத் தனியாகக் கடக்க அஞ்சிய சிலரைக் கண்டு இந்நோய்க்கு அப்பெயரைச் சூட்டினார். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ள ஜவ்வாது மலையில் திறந்த வெளிக்குப் பஞ்சமில்லை. சாமைக் கொல்லையில் தனியாக நிற்க இங்கே யாரும் அஞ்சுவதில்லை. அச்சம் பிடிப்பது பேருந்தில்தான். ஜமுனாமரத்தூரிலிருந்து போளூருக்கு இறங்கினாலும், காவலூர் வழியாக ஆலங்காயத்துக்கு இறங்கினாலும் வளைவுகள் உண்டு, நெரிசல் உண்டு. நடுவழியில் இறங்கினால் உதவிக்கு ஆள் இல்லை. ஒருமுறை அந்தப் பேருந்தில் நெஞ்சு அடைத்தவர் மறுமுறை ஏறத் தயங்குவார். பிறகு சந்தை நிற்கும், உறவினர் வீட்டு விசேஷம் நிற்கும், வெளியூர் வேலை நிற்கும்.

ஊரார் இதை 'வாயு' என்பார்கள், 'காத்து கருப்பு' என்பார்கள், 'பயந்த கோளாறு' என்பார்கள். இவற்றில் கடைசிச் சொல் நோய்க்கு மிக நெருக்கமானது. மந்திரித்துக் கயிறு கட்டுவதால் மட்டும் கேடு வருவதில்லை. அதை நம்பி ஆண்டுக்கணக்கில் வீட்டோடு முடங்குவதுதான் கேடு.

மனநல மருத்துவர் மலைக்குக் கீழே இருக்கிறார். நோய் எதைத் தடுக்கிறதோ அதே பயணம் சிகிச்சைக்குத் தேவைப்படுகிறது. இந்த முடிச்சை ஓரளவு தளர்த்தும் ஏற்பாடுகள் உள்ளன. தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கியது. அதன் கீழ் 1996இல் வந்த மாவட்ட மனநலத் திட்டம், மருத்துவரும் மருந்தும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்டது. தமிழ்நாட்டில் இதை முதலில் தொடங்கிய மாவட்டம் திருச்சி. இத்திட்டத்தின் மனநல மருத்துவர் எந்தக் கிழமை எந்த அரசு மருத்துவமனைக்கு வருகிறார் என்பதை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். அக்டோபர் 2022 முதல் 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே மனநல ஆலோசனை பெறலாம்.

முதலில் நீக்க வேண்டிய ஐயங்கள்

தைராய்டு மிகைச் சுரப்பு, இரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு, ஆஸ்துமா, சர்க்கரை திடீரெனக் குறைதல் ஆகியவையும் படபடப்பைத் தரும். இரத்தப் பரிசோதனையும் ஒரு இ.சி.ஜி.யும் எடுத்துப் பார்த்த பிறகே 'இது பீதி நோய்' என்று சொல்ல வேண்டும். நடுவயதைக் கடந்தவருக்கு முதன்முறையாக நெஞ்சுவலி வந்தால், அதைப் பயம் என்று எண்ணி வீட்டில் இருத்தி வைப்பது தவறு.

மருந்து கண்டறியப்பட்ட விதம்

இமிப்ரமின் என்ற மருந்து மனச்சோர்வுக்குப் பயன்படும் என்பதை சுவிட்சர்லாந்தின் ரோலண்ட் குன் 1957இல் அறிவித்தார். சில ஆண்டுகளில் நியூயார்க்கின் ஹில்சைட் மருத்துவமனையில் டொனால்ட் கிளைன் அதே மருந்தை அச்சத்தால் அவதிப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பயன் ஒன்றும் இல்லை என்றே நோயாளிகள் கூறினர். ஆனால் செத்துப்போகிறேன் என்று அடிக்கடி செவிலியரிடம் ஓடி வந்துகொண்டிருந்தவர்கள் ஓடிவருவதை நிறுத்திவிட்டதைப் பணியாளர்கள் கவனித்தார்கள். பீதித் தாக்கம் நின்றுவிட்டது. 'வந்துவிடுமோ' என்ற பயம் மட்டும் நிற்கவில்லை. பீதியும் பொதுவான பதற்றமும் வேறுவேறு என்ற கருத்துக்கு இது வழி செய்தது. 1980இல் பீதி நோய் தனிப் பெயருடன் வகைப்பாட்டில் இடம்பெற்றது.

மருந்தால் எது சரியாகும், எது தானாகச் சரியாகாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. இதைக் கீழே மீண்டும் பார்ப்போம்.

முதல் இரண்டு வாரம்

இன்று முதலில் தரப்படுபவை செரோட்டோனின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனைகளில் கூடுதலாகத் தங்குமாறு செய்யும் மருந்துகள்: எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின், பராக்செட்டின், ஃபுளுவாக்செட்டின் முதலியன. இவை முழுப்பயன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரம்வரை ஆகலாம். ஆனால் பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும். குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, தூக்கக் குறைவு, உள்ளுக்குள் ஒரு துடிப்பு. இந்தக் கடைசி ஒன்றுதான் பீதி நோயாளிக்குப் பெரிய சோதனை. நோய் தரும் அதே படபடப்பை மருந்தும் தருகிறது. தன் நெஞ்சுத் துடிப்பை ஓயாமல் கவனித்துக்கொண்டிருப்பவர் இதை எப்படிப் பொறுப்பார்?

என்னுடன் பணிபுரிந்த ஆசிரியை ஒருவர் இரண்டு ஆண்டுகள் பேருந்து ஏறவில்லை. கணவர் மோட்டார் சைக்கிளில் கீழே அழைத்துச் சென்று மருத்துவரிடம் காட்டினார். முதல் நாளிலிருந்தே முழு மாத்திரை. மூன்றாம் இரவு, பட்டது போதும் என்று அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டார். 'அந்த மருந்து எனக்கு ஒத்துக்காது' என்று ஓராண்டு சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு வேறொரு மருத்துவர் அதே மருந்தைக் கால் பங்கில் தொடங்கி, ஐந்து வாரத்தில் மெல்ல ஏற்றினார். ஒத்துக்கொண்டது. ஒரே மருந்து, ஒரே உடல். மாறியது அளவும் வேகமும்தான்.

இதனால்தான் பீதி நோய்க்கு வழக்கமான தொடக்க அளவில் பாதியோ அதற்கும் குறைவோ கொடுத்துத் தொடங்குவது முறையாகியுள்ளது. செர்ட்ராலினை 25 மில்லிகிராமிலும், எஸ்சிட்டலோப்ராமை 5 மில்லிகிராமிலும், பராக்செட்டினை 10 மில்லிகிராமிலும் தொடங்கி, ஒரு வாரமோ அதற்கு மேலோ கழித்து ஏற்றுவார்கள். மருந்தறிந்து மிகவும் அஞ்சுபவருக்கு இதையும் பாதியாக்குவதுண்டு. எந்த அளவாக இருந்தாலும் அதை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவர். 'எனக்கு மருந்து என்றாலே பயம், குறைவாகத் தொடங்கலாமா?' என்று கேட்க வேண்டியவர் நோயாளி. இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவு என்று நம் மக்கள் நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

சாப்பிட்ட பின் விழுங்கினால் குமட்டல் குறையும். தூக்கம் கெட்டால் காலையிலும், மயக்கம் வந்தால் இரவிலும் போடுமாறு நேரத்தை மாற்றலாம். காப்பி, தேநீரைக் குறைப்பதும் உதவும். குமட்டலும் துடிப்பும் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் தணியும். ஆனால் இருப்புக்கொள்ளாத தவிப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம், உடலெங்கும் தடிப்பு ஆகியவை தாங்கிக்கொள்ள வேண்டியவை அல்ல. உடனே மருத்துவரை அணுக வேண்டும். 25 வயதுக்கு உட்பட்டவர்களை முதல் வாரங்களில் வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும்.

எந்த மருந்து யாருக்கு

பயனளவில் இவற்றுக்குள் பெரிய வேற்றுமை இல்லை. எனவே தேர்வைப் பக்கவிளைவும் வாழ்க்கை முறையுமே தீர்மானிக்கின்றன. ஃபுளுவாக்செட்டின் உடலில் நீண்ட நாள் தங்கும். ஓரிரு நாள் மாத்திரை தவறினாலும் உடல் சட்டென்று தடுமாறாது. மழையில் பாதை அடைபட்டு மாத்திரை வாங்க முடியாமல் போகும் ஊருக்கு இது சிறிய நன்மை அல்ல. தொடக்கத் துடிப்பு அதில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். பராக்செட்டின் இதற்கு நேர்மாறு: நிறுத்துவது கடினம், உடல் எடை கூடலாம், கருத்தரிக்கும் எண்ணம் உள்ள பெண்களுக்குப் பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டுபவர்களுக்கும் பெரும்பாலும் செர்ட்ராலினையே விரும்புகிறார்கள். இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு எஸ்சிட்டலோப்ராமைக் கவனத்துடன் தர வேண்டும். முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகளால் இரத்தத்தில் சோடியம் குறைந்து குழப்பமும் தள்ளாட்டமும் வரலாம்.

பழைய இமிப்ரமின் இன்றும் நன்றாக வேலை செய்யும், விலையும் குறைவு. வாய் வறட்சி, மலச்சிக்கல், எழுந்து நிற்கும்போது கிறுகிறுப்பு ஆகியவை அதன் விலை. அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து என்பதால் குழந்தைகள் எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. வென்லாஃபாக்சின் இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். நடுக்கத்துக்குத் தரப்படும் புரோப்ரனலால் பீதி நோயைத் தீர்ப்பதில்லை. ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது.

வெளியே சொல்லப்படாத ஒரு பக்கவிளைவு உண்டு: பாலுறவு நாட்டமும் இன்பமும் குறைதல். ஆண்களும் பெண்களும் இதை மறைத்துக்கொண்டு மாத்திரையை மட்டும் நிறுத்திவிடுகிறார்கள். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ இதைச் சரிசெய்ய வழியுண்டு என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிடுவதே நல்லது. மூட்டுவலிக்கு அன்றாடம் போடும் வலி மாத்திரை, டிராமடால், சித்த மருந்து எதுவானாலும் அதையும் சொல்ல வேண்டும்.

'நரம்பு மாத்திரை'

ஆல்பிரசோலம், குளோனசெபாம் ஆகியவை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் பயத்தை அடக்கும். அதனாலேயே இவை மிகவும் விரும்பப்படுகின்றன, அதனாலேயே ஆபத்தும் கூட. முதன்மை மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை சில வாரங்களுக்கு மட்டும் இவற்றைத் தருவது உண்டு. மாதக்கணக்கில் தொடர்ந்தால் உடல் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் பீதி முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். சாராயத்துடன் சேர்ந்தால் மூச்சு அடங்கும் அபாயம் உண்டு. மலைப்பாதையில் வண்டி ஓட்டுபவர் இரட்டிப்புக் கவனம் கொள்ள வேண்டும்.

நம் நாட்டில் எஸ்சிட்டலோப்ராமும் குளோனசெபாமும் ஒரே மாத்திரையில் சேர்த்து விற்கப்படுகின்றன. தான் சாப்பிடுவது ஒரு மருந்து என்றே நோயாளி நினைப்பார். அவர் நிறுத்தினால் இரண்டும் நிற்கும். ஒன்றைக் கூட்டினால் மற்றதும் கூடும். பக்கவிளைவு எதனால் வந்தது என்பதும் தெரியாது. அட்டையில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரை வீட்டில் படித்த பிள்ளையைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வைப்பது பயனுள்ளது. நிறுவனம் மாறி மாத்திரையின் நிறம் மாறினால் 'மருந்தை மாற்றிவிட்டார்கள்' என்று பதறாமல் இருக்கவும் அந்தத் தாள் உதவும்.

மருந்தும் பேருந்தும்

கிளைன் கண்டதுபோல, பீதித் தாக்கத்தை மருந்து நிறுத்திய பிறகும் இடத்தின் மீதான பயம் எஞ்சியிருக்கும். அதைக் கரைப்பது படிப்படியான பழக்கம். முதலில் பேருந்து நிற்குமிடம் வரை துணையுடன் சென்று அரை மணி நேரம் நிற்பது, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு தனியாக ஒரு நிறுத்தம், கடைசியில் போளூர். ஒவ்வொரு படியிலும் பயம் தானாகத் தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். பாதியில் ஓடி வந்தால் பயம்தான் வலுப்பெறும். ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் ஆல்பிரசோலம் போட்டுக்கொண்டால், பயணத்தைத் தாங்கியது மாத்திரை என்று மனம் கணக்கு எழுதிக்கொள்ளும். சட்டைப் பையில் மாத்திரை இருந்தால்தான் வெளியே போவேன் என்ற நிலையும் நோயின் பகுதியே.

தொலைவிலிருந்து மருத்துவம் தொடர்தல்

முதல் சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டு வர வேண்டியவை சில உண்டு. எந்த நாளில் அளவை ஏற்றுவது, ஏற்றிய பின் தாங்காவிட்டால் பழைய அளவுக்கு இறங்கலாமா, ஒரு வேளை தவறினால் என்ன செய்வது, அவசரத்துக்கு யாரை அழைப்பது. விடைகளைத் தாளில் எழுதித் தரச் சொல்லலாம். மறுமுறை தொலைபேசியில் பேசினால் போதுமா என்பதையும் கேட்கலாம். மாத்திரை தீர ஒரு வாரம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். கடைசி மாத்திரையைப் போட்ட பிறகு கிளம்பினால் பேருந்தே அன்று வராமல் போகலாம்.

போதிய அளவில் பன்னிரண்டு வாரம் சாப்பிட்டும் பயன் இல்லையென்றால் வேறு மருந்துக்கு மாறுவது முறை. பயன் தெரிந்த பின் குறைந்தது ஆறு மாதம், பெரும்பாலும் ஓராண்டு தொடர்வார்கள். நிறுத்தும்போது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குறைக்கும்போது வரும் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல் ஆகியவை நோய் திரும்பியதற்கு அடையாளமாக இருக்க வேண்டியதில்லை. முந்தைய அளவுக்குச் சற்று ஏறி, இன்னும் மெதுவாக இறங்கினால் பெரும்பாலும் தணியும். குடும்பத்தோடு வெளியூர் அறுவடைக்குப் போகும் மாதத்திலோ மழையில் பாதை துண்டிக்கப்படும் மாதத்திலோ இதைத் தொடங்காமல், ஊரில் இருக்கும் காலமாகப் பார்த்துத் தொடங்குவது எளிது.